‘பயர்’ என்றால் சுடுதலா?

விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகள் கம்மாபுரத்துப் பிள்ளைகளுக்குப் புதியனவல்ல. ஆகவே ‘பயர்’ என்னும் ஆங்கில வினைக்குப் பொருள் கேட்டவுடன், “சுடுதல்” என்று ஒரே குரலில் விடையிறுத்தனர். சரிதான். மண்பானை 1000 பாகை சென்டிகிரேடுக்குள் வெந்துவிடும். பீங்கானுக்கோ 1200-க்கு மேல் வேண்டும். துப்பாக்கிக்கும் அதே சொல். ஆதியில் பீரங்கியின் துளையில் நெருப்பிட்டே வெடித்தனரன்றோ!

அடுத்து, முதலாளி ஒருவர் தொழிலாளியைப் ‘பயர்’ செய்த வாக்கியம் வந்தது. ஒரு மாணவன், “முதலாளி தொழிலாளியைச் சுட்டார்” என்று எழுதிவிட்டான். வகுப்பு சிரித்தது. பின்வரிசைப் பையன் ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. “என் அண்ணனைச் சென்ற மாதம் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். சுட்டது போலத்தான், ஐயா” என்றான். நாம் திருத்தும் பேனாவைக் கீழே வைத்தோம்.

‘டிஸ்சார்ஜ்’ என்பது குண்டை வெளியேற்றுவதற்கும் ஆளை வெளியேற்றுவதற்கும் பொதுவாதலின், 1880-களையொட்டி அமெரிக்காவில் எழுந்த சிலேடை இது. தமிழில் ‘நீக்கினார்’ என்பதே முறை. ‘பயர்’ கிரேக்கரின் ‘பூர்’ என்னும் நெருப்புக்கு உறவு. நமது ‘சுடு’ கன்னட மலையாளங்களிலும் வழங்குவது. ரொட்டிக்கு ‘பேக்’, அப்பளத்துக்கு ‘ரோஸ்ட்’, துப்பாக்கிக்கு ‘ஷூட்’ என்று ஆங்கிலேயர் பிரித்தாளும் இடங்களிலெல்லாம் நம் வீட்டுப் பெண்டிருக்கும் வேட்டைக்காரருக்கும் அவ்வொரு சொல்லே போதுமானதாயிருக்கிறது.