ஒரே நிறத்தில் ஒரு சிலுவைக் காட்சி

ஓவியம் பயிலத் தொடங்குவோர் வர்ணப் பெட்டியைத் திறந்தவுடன் எல்லா நிறங்களையும் கையாள முற்படுவது இயல்பே. ஆயின், பயன் குறைவு. ஒரு வர்ணம் சிவப்பா, நீலமா என்பது ஒன்று. அது எவ்வளவு ஒளியுடையது, எவ்வளவு இருளுடையது என்பது வேறொன்று. உருவத்திற்குத் திரட்சியைத் தருவது பெரும்பாலும் பின்னையதே. பயில்வோனின் கண்ணோ முன்னையதில் மயங்கி நின்றுவிடுகிறது. ஆகவேதான், ஒரே நிறத்தில் அமைந்த சிறந்த ஓவியமொன்றைப் படியெடுத்துப் பழகுதல் நலம் என்கிறோம்.

இதற்கு ஏற்றவர் பிரெஞ்சு ஓவியர் யூஜீன் காரியேர் (1849–1906). இளமையில் கல்லச்சுக் கலை பயின்றவர். குறியீட்டு இயக்கத்தாருடன் வைத்து எண்ணப்படுபவர். தாயும் சேயும் அவர் மீண்டும் மீண்டும் தீட்டிய பொருள். 1897ஆம் ஆண்டில் அவர் தீட்டிய சிலுவைக் காட்சி இன்று பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ளது. சிலுவையில் தொங்கும் ஆண்டவரும் அருகே நிற்கும் மரியாளும் பழுப்பு மூட்டத்தினின்று பாதி வெளிப்பட்டும் பாதி மறைந்தும் தோன்றுகின்றனர். இரத்தச் சிவப்பு இல்லை; பொன்னொளி இல்லை. துயரம் முழுவதும் ஒளியின் அளவாலேயே உணர்த்தப்படுகிறது.

செய்முறை எளிது. அம்பர் எனப்படும் மண்பழுப்பு வர்ணத்தை டர்பன்டைனில் கரைத்துக் கித்தான் முழுவதும் மெல்லப் பூசுக. அது ஈரமாயிருக்கையில், ஒளி விழும் இடங்களைத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். பின்னர் இருள் மிக்க இடங்களுக்கு அடர்த்தியான வர்ணமும், மிகுந்த ஒளிக்குச் சிறிதளவு வெள்ளையும் சேர்க்கலாம். கண்களைப் பாதி மூடிக்கொண்டு மூலத்தையும் படியையும் மாறி மாறி நோக்கினால், சிறு நுணுக்கங்கள் மறைந்து ஒளியிருளின் பெரும் பிரிவுகள் மட்டுமே எஞ்சும். அச்சுப் படத்தைப் பார்த்து எழுதுவோர் ஒன்றை நினைவிற் கொள்க: அச்சுக்கு அச்சு பழுப்பு மாறும். நிறச்சாயலைப் பற்றிக் கவலையுறாது, ஒளிக்கும் இருளுக்கும் உள்ள விகிதத்தையே பின்பற்றுதல் வேண்டும்.

எனது முதற் படி முற்றிலும் பிழைபட்டது. முகம் என்றால் கண் இமைக்கு ஒரு கோடு, இதழுக்கு ஒரு கோடு உண்டு என்பது நான் அறிந்தது, அறிந்ததையே வரைந்தேன். மூலத்திலோ அவ்விடங்களில் கோடே இல்லை; நிழல் நிழலோடு கரைகிறது. வேத வாசிப்பிலும் நமக்கு இது நேர்வதுண்டு. மனப்பாடமான வசனத்தை நாவு சொல்லிச் செல்ல, ஏட்டில் எழுதியிருப்பதைக் கண் காணாது போகிறது. இரண்டாம் முறை, படத்தைத் தலைகீழாக வைத்துப் படியெடுத்தேன். முகம் என்னும் எண்ணம் அகன்றது. ஒளியும் இருளும் நின்றன.

படியெடுத்தல் அடிமைத்தனம் என்று இகழ்வோர் உளர். லூவர் அருங்காட்சியகத்தில் இன்றும் அனுமதி பெற்றுப் படியெடுப்போர் அமர்ந்திருக்கின்றனர். படி மூலத்தின் அளவில் இருத்தலாகாது என்பது அங்குள்ள விதி. காரியேரின் பயிற்சிக்கூடத்தில் பயின்றவர்களுள் மத்தீசும் தெரேனும் அடங்குவர். பழுப்பன்றி வேறறியாதவர்போல் தீட்டிய ஆசானிடம் பயின்ற இவ்விருவரே, 1905இல் கட்டற்ற வர்ணங்களால் பாரிஸை அதிரச் செய்தனர்!

எனது மூன்றாம் படியில் ஆண்டவரின் முகம் ஓரளவு அமைந்துவிட்டது. மரியாளின் உருவம் இருளோடு சேரும் விளிம்பு மட்டும் இன்னும் கைகூடவில்லை.