சுவரை ஒட்டி பூச்செடியா? முதல்ல மண்ணோட உயரத்தைப் பாருங்க

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

போன மாசம் பேச்சுவாக்குல, "எங்க வீட்டு ஹால் சுவர் ரெண்டு தடவை பெயின்ட் அடிச்சும் உரிஞ்சுட்டே இருக்கு"ன்னு சொல்லியிருந்தேன். "எங்க வீட்லயும் இதே கதைதான்"னு நிறைய பேர் எழுதியிருந்தீங்க. அதனால இன்னிக்கு அந்தச் சுவரைப் பத்திதான் பேசப் போறேன். சரியாச் சொன்னா, சுவருக்கு வெளிப்பக்கம் இருந்த பூச்செடிப் பாத்தியைப் பத்தி.

எங்களுக்கு மடிப்பாக்கத்துல ஒரு பழைய தனி வீடு. அம்மாவும் நானும் இருக்கோம். ஹால் சுவரை ஒட்டி வெளியில ரெண்டடி அகலத்துக்கு ஒரு பாத்தி. செம்பருத்தி, நந்தியாவட்டை, கனகாம்பரம்னு எல்லாம் அப்பா வச்சது. அவர் போனப்புறம், காலைல காபி டம்ளரோட அம்மா போய் நிக்கிற இடம் அதுதான்.

உள்பக்கம் தரையிலேருந்து மூணடிக்கு பெயின்ட் கொப்புளிச்சு, பொருக்கு பொருக்கா உதிரும். ஓரத்துல வெள்ளையா உப்பு பூத்திருக்கும். முதல் தடவை சுரண்டி, பட்டி பாத்து, பெயின்ட் அடிச்சோம். ஒரு மழைக்காலம்கூடத் தாங்கல. அடுத்த தடவை விலை ஜாஸ்தியான வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் அடிச்சோம். ஓதம் நாலடிக்கு ஏறிடுச்சு!

மூணாவதா வந்த கொத்தனார் சுவரைத் தொட்டுக்கூடப் பாக்கல. நேரா வெளிய போய் பாத்தியில ஏறி நின்னு, ஜன்னல் வழியா உள்ள பாத்தார். "தம்பி, நான் நிக்கிற மண்ணு உங்க ஹால் தரையை விட உசரமா இருக்கு. இதுல பெயின்ட் என்ன பண்ணும்?"னு கேட்டார்.

ஓதம் எப்படி ஏறுது?

டீயில பிஸ்கட்டோட முனையை மட்டும் நனைச்சுப் பிடிங்க. ஈரம் தானா மேல ஏறும். செங்கல்லும் அப்படித்தான், உள்ள முழுக்க நுண்ணிய துளைகள். துளை எவ்வளவு சின்னதோ, தண்ணி அவ்வளவு உயரம் ஏறும். 0.01 மில்லிமீட்டர் ஆரம் இருக்கிற துளையில, கணக்குப்படி சுமார் ஒன்றரை மீட்டர் வரைக்கும் ஏறலாம். நிஜத்துல ஏறுற வழியிலேயே சுவர் பரப்பு வழியா ஆவியாகிடுறதால, பெரும்பாலும் ஒரு மீட்டர் வாக்குல நின்னுடும்.

இப்ப என்னோட காஸ்ட்லி கோட்டிங் என்ன பண்ணுச்சுன்னு புரியுதா? ஆவியாகுற வழியை அடைச்சுடுச்சு. கீழ வெளியேற முடியாத தண்ணி இன்னும் மேல போய் வெளிய வந்துச்சு.

உப்பும் அந்தத் தண்ணியோடதான் வருது. மண்ணுலயும் செங்கல்லயும் இருக்கிற உப்பு கரைஞ்சு மேல வரும். தண்ணி ஆவியானதும் உப்பு மட்டும் படிகமா தங்கும். பெயின்ட்டுக்குப் பின்னாடி அந்தப் படிகம் வளர வளர பெயின்ட்டை வெளிய தள்ளிடும். பெயின்ட் மட்டமானதா இருக்கணும்னு அவசியமே இல்ல.

வீட்டுல ஏற்கெனவே ஒரு காவல் இருந்துச்சு

பேஸ்மட்டம் முடிஞ்சு சுவர் ஆரம்பிக்கிற இடத்துல, வாட்டர்ப்ரூஃப் கலவை சேத்து சுமார் ஒன்றரை அங்குல கான்கிரீட் போடுவாங்க. டி.பி.சி.ன்னு சொல்லுவாங்க. கீழேருந்து வர்ற ஓதத்தை அதுதான் தடுக்குது. அதோட, பேஸ்மட்டம் சுத்தியிருக்கிற தரையை விட குறைஞ்சது 45 செ.மீ. உயரமா இருக்கணும்னு தேசிய கட்டட விதித்தொகுப்பு சொல்லுது. எங்க வீடு கட்டினப்போ ரெண்டடி, அதாவது 60 செ.மீ. இருந்துச்சு.

அப்புறம் என்ன ஆச்சுன்னு சென்னைக்காரங்களுக்கு சொல்லவே வேணாம். பழைய ரோட்டைச் சுரண்டாம அது மேலயே புது ரோடு போட்டாங்க. ரோடு உசந்துச்சு, மழைத்தண்ணி காம்பவுண்டுக்குள்ள வந்துச்சு. அப்பா சவுடு மண் அடிச்சு தரையை ஒரு அடிக்கு மேல உசத்தினார். அது மேல செங்கல் அடுக்கி, செம்மண் கொட்டி, இந்தப் பாத்தி. அதோட மண்ணு டி.பி.சி.யையும் தாண்டிடுச்சு. வாசல்ல வாட்ச்மேன் நிக்கிறார், ஆனா பக்கத்துச் சுவர்ல யாரோ ஏணி சாத்தி வச்ச மாதிரி. ஏணியும் வச்சு, தினமும் தண்ணியும் ஊத்திட்டு இருந்தோம்.

இன்னொரு ஆபத்தும் இருக்கு. சுவரை மூடி மண் இருந்தா கரையான் ஏறுறது கண்ணுக்கே தெரியாது.

உங்க வீட்லயும் பாத்திதான் காரணமா?

மண்ணை எடுக்குறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க. பாத்தி எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்கு, தரையிலேருந்து ஓதம் ஏறியிருந்தா பாத்தி மேலதான் சந்தேகம். பாத்ரூம் சுவர் பக்கத்துல மட்டும் திட்டா இருந்தா பைப். மேலேருந்து கீழ இறங்குதுன்னா மொட்டை மாடி, சன்ஷேடு.

என்ன செஞ்சோம்

கஷ்டமான வேலை அம்மாகிட்ட சொல்றதுதான். "அது அப்பா போட்ட மண்ணுடா"ன்னாங்க. ரெண்டு நாள் சரியாப் பேசல. கடைசியில, எடுக்க வேணாம், நகத்தலாம்னு முடிவாச்சு. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, பிப்ரவரில, செடிகளை வேர்மண்ணோட எடுத்து மூணடி தள்ளி நட்டோம்.

சுவரை ஒட்டின மண்ணைப் பழைய தரை மட்டம் வரைக்கும் எடுத்தோம். இப்ப டி.பி.சி.க்குக் கீழ 25 செ.மீ. கிடைச்சிருக்கு. 45 இல்லதான். ஆனா குறைஞ்சது 15 செ.மீ.யாவது இருக்கணும். இல்லன்னா, மழை தரையில விழுந்து தெறிக்கிற தண்ணியே சுவரை நனைச்சிடும்.

காலியான மூணடிக்கு சிமென்ட் தரை போட்டோம். வாட்டம் சுவரை விட்டு வெளிப்பக்கம், மூணடிக்கு ஒரு அங்குல இறக்கம். பாத்தியில கொட்டிட்டு இருந்த மாடிப் பைப்பை மழைநீர்க் குழிக்குத் திருப்பினோம். உள்பக்கம் ஓதக்கோட்டுக்கு ஒரு அடி மேல வரைக்கும் பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, உப்பைக் காஞ்ச பிரஷ்ஷால தட்டி விட்டோம். அதுக்குத் தண்ணி ஊத்தாதீங்க, உப்பு திரும்ப சுவருக்குள்ளயே போயிடும்.

நகத்த இடம் இல்லையா? கடப்பா கல் பலகை மேல தொட்டி வைங்க. இல்லன்னா பாத்திக்குப் பின்னாடி தனியா ஒரு சின்னச் சுவர் கட்டி, வீட்டுச் சுவருக்கும் அதுக்கும் நடுவுல இடைவெளி விடுங்க. மண்ணு எந்த இடத்துலயும் வீட்டுச் சுவரைத் தொடக்கூடாது.

அப்புறம் காத்திருந்தோம். ஒரு மாசத்துலயே பெயின்ட் அடிக்கலாமான்னு நான் கேட்டதுக்கு கொத்தனார் சிரிச்சார். ஒரு அங்குலக் கனம் காய ஒரு மாசம்னு தோராயக் கணக்கு. எங்களுது ஒன்பது அங்குலச் சுவர். செங்கல் தெரியுற ஹாலோடதான் தீபாவளி கொண்டாடினோம். வடகிழக்குப் பருவமழைதான் எங்களுக்கு டெஸ்டிங். ஜனவரில தொட்டுப் பாத்தா சுவர் காஞ்சிருந்துச்சு. அப்புறம்தான் பூச்சு வேலை, பெயின்ட்.

பெரிய செம்பருத்தி மட்டும் பிழைக்கல. அதோட குச்சியை அம்மா வெட்டி நட்டாங்க, ரெண்டு துளிர்த்திருக்கு. காபி டம்ளர் இப்ப மூணடி தள்ளி நிக்குது, அவ்வளவுதான்.

இந்த வாரம் உங்க வீட்டைச் சுத்தி ஒரு நடை போங்க. வெளியில மண்ணு எவ்வளவு உசரம், உள்ள தரை எவ்வளவு உசரம்னு அளந்து பாத்துட்டு, அப்புறம் பெயின்ட் கடைக்குப் போங்க. அடுத்த எபிசோட்ல பாக்கலாம்.