புரட்டாசியில் பாட்டிக்கு ஓர் ஊசி

குழந்தை பிறந்த வீட்டில் ஓர் அட்டை இருக்கும். எந்தத் தேதியில் எந்த ஊசி என்று அதில் எழுதியிருக்கும். தாயார் மறந்து போனாலும் நர்ஸம்மா மறக்க விடமாட்டார். அதே வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் எழுபத்தைந்து வயது மாமியாருக்கு அட்டையும் கிடையாது, தேதியும் கிடையாது. மருமகள் தைரியமாகப் பேச்சை எடுத்தால், "ஊசியா? எனக்கா? நான் பார்க்காத ஜுரமா, அம்மா?" என்று மூன்றே கேள்விகளில் விஷயத்தை முடித்து விடுவார்.

விழுப்புரமானாலும் திண்டிவனமானாலும், அந்தக் கேள்விக்கு மரியாதையாகவும் சரியாகவும் பதில் சொல்லும் பொறுப்பு நம் சகோதரிகளுக்குத்தான் வந்து சேருகிறது.

பாட்டி பார்த்த ஜுரம்

மாமியார் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. 1957-ஆம் வருஷம் மே மாதம், சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த கப்பலோடு 'ஆசிய ஃப்ளூ' நம் நாட்டில் இறங்கியது. சில மாதங்களில் நாடெங்கும் பரவியது. இன்று எழுபத்தைந்தைத் தாண்டியவர்கள் அப்போது சிறு பிள்ளைகள். அந்த ஜுரத்தைக் கண்டு தேறியவர்கள் அவர்களில் எத்தனையோ பேர்.

ஆனால் அன்று வந்த கிருமி இன்று வருவதில்லை. நம் பக்கத்துத் தெருக்கூத்தில் ஒரே ஆள் முன்னிரவில் ஒரு வேஷமும் பின்னிரவில் வேறொரு வேஷமும் கட்டுவதில்லையா? ஃப்ளூ கிருமியும் அப்படித்தான். போன வருஷம் அடையாளம் கண்டுகொண்ட உடம்பு, இந்த வருஷத்து வேஷத்தைக் கண்டு ஏமாந்து போகிறது.

இந்த வேஷங்களைக் கவனிப்பதற்கென்றே 1952 முதல் பல நாட்டு ஆராய்ச்சி நிலையங்கள் ஒன்று சேர்ந்து வேலை செய்கின்றன. வருஷத்தில் இரண்டு தடவை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், உலக சுகாதார ஸ்தாபனம் நிபுணர்களைக் கூட்டி, அடுத்து வரும் ஊசியில் எந்தெந்த ரகம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்கிறது. போதாததற்கு, போட்ட ஊசியின் பலமும் மாதங்கள் செல்லச் செல்லக் குறைகிறது. ஆகவேதான் வருஷத்துக்கு ஓர் ஊசி.

இது பாட்டிக்குப் புதிதும் அல்ல. அம்மை குத்த ஆள் வருகிறார் என்றால் குதிருக்குப் பின்னால் ஒளிந்து கொண்ட தலைமுறை அல்லவா? அந்தக் காலத்தில் அம்மை மறுபடியும் குத்திக் கொள்வதுண்டு. திருவிழா வந்தால் காலரா ஊசியும் உண்டு. 'பூஸ்டர்' என்ற பெயர்தான் புதிது. 2022 ஜனவரி 10-ஆம் தேதி முதல், இணை நோயுள்ள அறுபது வயதுக்காரர்களுக்குக் கொரோனாவுக்கான 'முன்னெச்சரிக்கைத் தவணை' போட்டார்களே, அதுவும் இந்த ஜாதிதான்.

ஏன் புரட்டாசி?

ஸ்ரீநகரில் ஃப்ளூ அதிகமாவது குளிர் காலத்தில். டில்லியிலும் பூனாவிலும் ஜூனில் தொடங்கும் மழைக் காலத்தில். சென்னையிலும் வேலூரிலும் நடந்த ஆராய்ச்சியில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் அது உச்சத்துக்குப் போவது தெரிய வந்தது. அதாவது, நம் ஐப்பசி அடைமழைக் காலம். விழுப்புரமும் திண்டிவனமும் அதே வடகிழக்குப் பருவ மழையில் நனைகிற ஊர்கள்தாம்.

ஊசி போட்டவுடனே பலன் கிடைத்துவிடாது. உடம்பு தயாராக இரண்டு வாரம் பிடிக்கும். மழை பிடித்துக் கொண்ட பிறகு ஓடுவதைவிட, புரட்டாசி பிறக்கும்போதே போட்டுக் கொள்வது நல்லது. பெட்டியின் மேல் எந்த வருஷத்து மருந்து என்று அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்து வாங்க வேண்டும்.

பலவீனமான உடம்புக்காரர்கள்

வயோதிகர்கள் மட்டுமல்ல, மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக் கொண்டவர்கள், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்கள், மூட்டு வாதத்துக்கும் ஆஸ்துமாவுக்கும் நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள் ஆகியோரின் எதிர்ப்புச் சக்தியும் குறைந்திருக்கும். முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ நெரிசலான பஸ்ஸில் போய் வருகிறவர்கள் பக்கத்து ஸீட்டுக்காரர் இருமினால் எங்கே நகர்வது?

இவர்கள் இரண்டு விஷயங்களை நினைவில் வைக்க வேண்டும். ஒன்று, கையில் போடும் ஃப்ளூ ஊசியில் உயிருள்ள கிருமி கிடையாது. ஆகவே இவர்களுக்கும் போடலாம். மூக்கில் தெளிக்கும் ரகத்தில் பலவீனப்படுத்திய உயிர்க் கிருமி இருக்கிறது. அது இவர்களுக்கு ஆகாது. இரண்டு, சில மருந்துகள் நடக்கும்போது ஊசி சரியாகப் பிடிக்காது. ஆகவே எப்போது போடுவது என்று சிகிச்சை செய்யும் டாக்டரையே கேட்க வேண்டும்.

மருமகளுக்கு வரும் சந்தேகங்கள்

ஊசியால் ஃப்ளூ வருமா? வராது. கை வலியும் உடம்புச் சூடும் ஓரிரு நாள் இருக்கலாம். முன்பு ஏதாவது ஊசியில் கடுமையான ஒவ்வாமை கண்டவர்கள் மட்டும் டாக்டரிடம் முன்னதாகச் சொல்லிவிட வேண்டும்.

போட்டால் ஜுரமே வராதா? அப்படிச் சத்தியம் செய்ய முடியாது. முதியவர்களுக்குப் பலன் சற்றுக் குறைவுதான். ஆனால் வந்தாலும் நுரையீரல் வரை போய் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்க வைக்கும் அபாயம் குறைகிறது. அது சின்ன விஷயமா?

இலவசமா? இல்லை. அரசாங்கத்தின் தேசியத் தடுப்பூசித் திட்டம் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் உத்தேசித்தது. அதில் இந்த ஊசி சேரவில்லை. கைக்காசு கொடுத்துத்தான் போட வேண்டும். ஒரு தடவை ஆஸ்பத்திரியில் சேர்ந்து பார்த்தவர்களுக்கு அந்தக் கணக்கை நாம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை.

ஊசி போட்டிருந்தாலும் ஒரு கண் இருக்கட்டும். வயதானவர்களுக்கு ஜுரம் அனலாய்க் கொதிக்காமலே ஃப்ளூ வரலாம். சாப்பாடு இறங்காமை, திடீர்க் குழப்பம், தள்ளாட்டம் இவையே அடையாளமாக இருக்கலாம். மூச்சு வாங்கினால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. ஃப்ளூவுக்கென்று உள்ள மாத்திரையை முதல் இரண்டு நாட்களுக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். கஷாயம் வைத்துப் பார்த்துவிட்டு நாலாம் நாள் டாக்டரிடம் போவது நல்லதல்ல.

கடைசியாக ஒன்று. பாட்டிக்குக் கஞ்சி கொடுப்பதும், கால் பிடித்து விடுவதும், பஸ்ஸில் போய் மருந்து வாங்கி வருவதும் யார்? கிருமி வீட்டுக்குள் வருவதானால் அந்தக் கை வழியாகத்தான் வரவேண்டும். ஆகவே, "அத்தை, நானும் போட்டுக் கொள்கிறேன், இரண்டு பேரும் சேர்ந்தே போய் வருவோம்" என்று சொல்லிப் பாருங்கள். எத்தனை விளக்கம் சொன்னாலும் அசையாத மாமியார்கள் இந்த ஒரு வார்த்தைக்குப் புடவை மாற்றிக் கொண்டு கிளம்பி விடுவார்கள்!