நிலைபேறான விவசாயம்: ஹொலண்ட் மார்ஷ் மண் தரும் விளக்கம்

நெடுஞ்சாலை 400 வழியே வடக்கு நோக்கிப் பயணிப்போர், பிராட்போர்டை அண்மிக்கும்போது இருமருங்கும் கரிய வயல்கள் விரிந்திருப்பதைக் கண்டிருப்பர். கரட்டும் வெங்காயமும் பெருமளவில் விளையும் ஹொலண்ட் மார்ஷ் அதுவாகும்.

இன்றைய தேவைக்குரிய விளைச்சலைப் பெறும்போது, அடுத்த தலைமுறை அதே நிலத்தில் பயிரிடும் வாய்ப்பைக் கெடுக்காதிருப்பதே நிலைபேறான விவசாயம் எனப்படும். சொல்வது எளிது, ஹொலண்ட் மார்ஷில் அதனைக் கடைப்பிடிப்பது எளிதன்று.

அந்நிலம் முன்னர் சதுப்பாக இருந்தது. 1925 முதல் 1930 வரை கால்வாய்கள் வெட்டி நீர் வடிக்கப்பட்டது. அங்குள்ள கருமண், பல்லாயிரம் ஆண்டுகளாக நீருக்கடியில் காற்றின்றி அரைகுறையாக உக்கிய தாவரங்களின் எச்சமாகும். நீர் வடிந்ததும் காற்று உட்புக, நுண்ணுயிர்கள் அம்மண்ணையே உண்ணத் தொடங்கின. உலர்ந்த மண்ணைக் காற்றும் அள்ளிச் செல்கின்றது. இதனால் நிலமட்டம் சிறிது சிறிதாகத் தாழ்ந்து வருகின்றது. வேறிடங்களில் எருவிட்டு மண்ணை வளர்க்கலாம். இங்கோ உழவே மண்ணைச் செலவிடுகின்றது. இவ்விழப்பை முற்றாக நிறுத்த இயலாது, தாமதப்படுத்தலாம் என்பதே உண்மை.

அதற்கு அறுவடைக்குப் பின் மூடுபயிர் விதைத்தல், பயிரில்லாத காலத்தில் நீர்மட்டத்தை உயர்த்தி வைத்தல் ஆகியன உதவும். வசந்தத்தில் வெங்காய நாற்றுகளைக் காற்றிலிருந்து காக்க இடையே வாற்கோதுமை விதைப்பர். அது வளர்ந்து போட்டியாகுமுன் களைகொல்லியால் அழிப்பர். நிலைபேறு என்பது எப்போதும் இரசாயனம் தவிர்த்தல் அன்று என்பதற்கு இது ஓர் உதாரணம். பீடைகளைப் பொறிவைத்து எண்ணி, எண்ணிக்கை வரம்பைக் கடந்தால் மாத்திரம் மருந்து தெளிப்பதும் இவ்வகையினதே.

வயலிலிருந்து வடியும் நீருடன் செல்லும் பொஸ்பரஸ் சிம்கோ ஏரியை அடைந்து பாசியைப் பெருக்குகின்றது. பாசி அழுகும்போது ஆழத்து ஒட்சிசன் குன்றி, குளிர்நீர் மீன்கள் நலிவடைகின்றன. 2008 ஆம் ஆண்டின் சிம்கோ ஏரிப் பாதுகாப்புச் சட்டம் இதனாலேயே பிறந்தது. ஏரியைக் கெடுக்கும் விளைச்சலை நிலைபேறானது எனல் பொருந்தாது. மெக்சிக்கோவிலிருந்தும் கரீபியனிலிருந்தும் பருவந்தோறும் வந்து உழைப்போரின் ஊதியமும் தங்குமிடமும் நியாயமாக அமைதலும் இதன் ஒரு கூறே.

வீட்டுத் தோட்டத்திற்கும் இவை பொருந்தும். இலையுதிர் காலத்தில் பாத்தியை வெறுமனே விடாது உலர்ந்த இலைகளால் மூடுக. தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியன ஒரே குடும்பத்தவை; எனவே ஒன்றன்பின் ஒன்றாக ஒரே பாத்தியில் நடுதல் நன்றன்று. மழைக்கு முன் உரமிடுவதைத் தவிர்க்கவும்; தெருவோர வடிகாலில் விழும் நீர் பெரும்பாலும் சுத்திகரிக்கப்படாமலே ஓடைகளைச் சேர்கின்றது.

சமூகத் தோட்டத்தில் பாத்தி பெற விரும்புவோர் குளிர்காலத்திலேயே விசாரித்தல் நன்று. வசந்தம் பிறக்குமுன் இடங்கள் நிரம்பிவிடுவதுண்டு.