லண்டன் வழியே ஆங்கிலம்

ஆங்கிலப் பத்தியைத் தடையின்றி வாசிக்கும் மாணவரிடம், ‘என்ன படித்தாய்?’ என்று கேட்டால் பல நேரங்களில் மௌனமே பதிலாகிறது. எழுத்தை ஒலிக்கத் தெரிகிறது, பொருள் பிடிபடவில்லை. இந்த இடைவெளியைக் குறைக்க, ஒரு நகரைப் பற்றிய சிறு வாசிப்புப் பகுதிகள் உதவும். லண்டனை எடுத்துக்கொள்வோம்.

முதலில் பெயர்கள். பிரெட் ஸ்ட்ரீட், மில்க் ஸ்ட்ரீட் ஆகிய தெருக்களில் முற்காலத்தில் என்ன விற்றிருப்பார்கள்? மாணவர்களே சொல்லிவிடுவர். அருகிலுள்ள ‘சீப்சைடு’ என்றதும் ‘மலிவு’ என்பர். பழைய ஆங்கிலத்தில் அச்சொல் சந்தையைக் குறித்தது என விளக்கினால், சொற்பொருள் காலப்போக்கில் மாறும் என்பது புரியும். ‘அண்டர்கிரவுண்ட்’ என்பதை இரண்டாகப் பிரித்தாலே, 1863-இல் ஓடத் தொடங்கிய சுரங்க ரயில் கண்முன் வரும்.

அடுத்து நிகழ்வு. 1666 செப்டம்பர் 2 அன்று புட்டிங் லேனில் ஒரு ரொட்டிக்கடையில் பற்றிய தீ, சுமார் நான்கு நாள்கள் எரிந்து ஏறத்தாழ 13,200 வீடுகளை அழித்தது. பெரும்பாலானவை நெருக்கமான மரவீடுகள். காற்றும் பலமாக வீசியது. பின்னர் செங்கல்லாலும் கல்லாலும் கட்டினர். இதை ஐந்தாறு எளிய ஆங்கில வாக்கியங்களில் கரும்பலகையில் எழுதுங்கள். ‘தீ ஏன் பரவியது?’ என்று கேட்டால் ‘பிகாஸ்’ தேவைப்படும். ‘பிறகு எப்படிக் கட்டினர்?’ என்றால் இறந்தகால வினை தானே வரும்.

விடையில் இலக்கணப் பிழை இருக்கலாம். முதலில் பொருளை ஏற்றுப் பாராட்டுங்கள். பிழையைப் பிறகு திருத்தலாம். புரிந்து படித்த குழந்தைதான் அடுத்த பக்கத்தையும் புரட்டும்.