கார்னிசெரியா உணவுக் கவுண்ட்டர்

கார்னிசெரியா என்பது எசுப்பானிய மொழியில் இறைச்சிக் கடையைக் குறிக்கும் சொல். ஐக்கிய அமெரிக்காவில் மெக்சிக்கோ மக்கள் வாழும் பகுதிகளில் இப்பெயர்ப் பலகை தொங்கும் கடைகள் பெரும்பாலும் இறைச்சியோடு நிற்பதில்லை. அரிசி, பீன்சு, காய்ந்த மிளகாய், மக்காச்சோள மாவு, மெழுகுவர்த்தி, ஊருக்குப் பணம் அனுப்பும் வசதி என அக்கம்பக்கத்தாருக்கு வேண்டியவை பலவும் அங்கேயே கிடைக்கும். அத்தகைய கடையின் ஒரு மூலையில் சூடான இரும்புக் கல்லை வைத்துக்கொண்டு சமைத்த உணவை விற்கும் சிறு பகுதியே உணவுக் கவுண்ட்டர். உட்கார்ந்து உண்ண இரண்டு மூன்று மேசைகள் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

தோற்றம்

1942 முதல் 1964 வரை நடந்த 'பிராசேரோ' திட்டத்தின் கீழ் மெக்சிக்கோவிலிருந்து பண்ணை வேலைக்கு ஆட்கள் ஒப்பந்த முறையில் அழைத்து வரப்பட்டனர். அதன் பின்னும் குடியேற்றம் தொடர்ந்தது. குடும்பங்கள் பெருகிய ஊர்களில் ஊர்ப் பொருள்களை விற்கும் சிறு கடைகள் தோன்றின. கலிபோர்னியாவின் அனகைம் நகரில் 1980-இல் தொடங்கிய நார்த்கேட், லாசு ஏஞ்சலசின் வான் நைசுப் பகுதியில் 1985-இல் ஓர் இறைச்சிக் கடையாகத் தொடங்கிய வயார்த்தா ஆகியவை இன்று பல கிளைகள் கொண்ட பேரங்காடிகள். ஆனால் பெரும்பாலான கார்னிசெரியாக்கள் இன்றும் ஒரே குடும்பம் நடத்தும் ஒற்றைக் கடைகளே.

மலிவுக்குக் காரணம்

வாடகை, மின்சாரம், குளிர்பதனப் பெட்டி ஆகியவற்றின் செலவை மளிகையும் இறைச்சியும் பகிர்ந்துகொள்கின்றன. உணவகம் வெளியிலிருந்து வாங்க வேண்டிய கறி இங்கே சில அடி தள்ளியே வெட்டப்படுகிறது. பரிமாறுபவர் இல்லை. அதைவிட முக்கியமானது, எந்தக் கறி என்பது. நாக்கு, தலைக்கறி, குடல் போன்று பொது அமெரிக்கக் கடைகளில் அதிகம் விலைபோகாத பகுதிகள் இங்கே மெதுவாக வேகவைக்கப்பட்டு, முறையே 'லெங்குவா', 'கபேசா', 'திரிபாசு' என்ற பெயர்களில் டாக்கோவுக்குள் செல்கின்றன. தலைக்கறிக் குழம்பும் குடல் வறுவலும் அறிந்த நம் வாசகர்களுக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை.

இந்த மலிவு நிலையானது என்றும் சொல்ல முடியாது. தெற்கு டெக்சசு மாட்டுப் பண்ணைகளில் தொழிலாளருக்கு ஒதுக்கப்பட்ட உதரவிதானத் தசைக்கு, பட்டை போன்ற வடிவத்தால், 'பஹீத்தா' என்று பெயர். 1980-களில் உணவகங்கள் அதைப் பிரபலமாக்கியதும் அதன் விலை ஏறிவிட்டது.

ஒரு முரணையும் குறிப்பிட வேண்டும். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அமெரிக்க அரசு 'ஸ்னாப்' என்ற உணவு உதவி அட்டையை வழங்குகிறது. அந்த அட்டையை ஏற்கும் கடையில் மசாலா தடவிய பச்சைக் கறியையும் டோர்ட்டியாவையும் அதைக் கொண்டு வாங்கலாம். அதே கறியைக் கவுண்ட்டரில் வாட்டி, அதே டோர்ட்டியாவில் வைத்துச் சூடாகக் கொடுத்தால் பொதுவாக அட்டை செல்லாது. இரண்டு வேலை முடித்து அடுப்பு மூட்டத் தெம்பில்லாமல் வருபவருக்கு இவ்விதி எவ்வகையில் உதவுகிறது என்பது விளங்கவில்லை.

டோர்ட்டியாவும் சுண்ணாம்பும்

டோர்ட்டியா என்பது மக்காச்சோளத்தில் தட்டிய மெல்லிய ரொட்டி. சோளத்தை அப்படியே அரைத்தால் இந்த ரொட்டி வராது. மாவு ஒட்டாமல் உதிரும். சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, இரவு முழுதும் ஊறவிட்டு, தோலைக் கழுவி நீக்கிய பின்னரே அரைக்க வேண்டும். இம்முறைக்கு 'நிக்சுட்டமால்' அடிப்படையில் பெயர் அமைந்துள்ளது. அது ஆசுடெக் மக்களின் நாவாட்டில் மொழிச் சொல். சுண்ணாம்பு, சோளத்தில் உடலுக்குக் கிட்டாமல் கட்டுண்டிருக்கும் நியாசின் என்ற உயிர்ச்சத்தை விடுவிக்கிறது. சோளத்தை மட்டும் எடுத்துச் சென்று இம்முறையை விட்டுவிட்ட வட இத்தாலியிலும், பின்னர் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் ஏழைகளைப் பெலாக்ரா நோய் வாட்டியது. மெக்சிக்கோவில் அந்நிலை பரவலாக வரவில்லை.

சில கடைகள் தாமே டோர்ட்டியா சுடுகின்றன. சூட்டோடு அடுக்கித் தாளில் சுற்றிய கட்டு கிடைத்தால் அந்தக் கடையை நம்பலாம். டாக்கோவுக்கு இரண்டு சிறு டோர்ட்டியாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது, கறிச் சாற்றில் ஊறி ஒன்று கிழிந்தாலும் மற்றது தாங்கும் என்பதற்காக. மேலே வெங்காயம், கொத்தமல்லித் தழை, பக்கத்தில் எலுமிச்சையும் முள்ளங்கியும்.

எது அசல்?

இச்சொல்லைக் கவனமாகக் கையாள வேண்டும். கவுண்ட்டரின் பட்டியலை முடிவுசெய்வது பெரும்பாலும் கடைக்காரரும் வாடிக்கையாளரும் வந்த மாநிலம். மிச்சோவாக்கான்காரர் கடையில் பன்றிக் கொழுப்பில் வேகும் 'கார்னீத்தாசு' முதன்மை பெறும். வட மெக்சிக்கோவில் கோதுமை டோர்ட்டியாவே வழக்கம். அதைப் போலி என்பது தவறு. 'அல் பாஸ்தோர்' என்னும் பன்றிக்கறியோ லெபனானிலிருந்து குடியேறியவர்களின் ஷவர்மாவிலிருந்து பிறந்தது. அது சுழலும் கம்பிக்குப் பம்பரம் என்று பொருள்படும் 'துரோம்போ' என்பது பெயர். வார இறுதியில் மட்டும் கிடைக்கும் 'மெனூதோ' என்ற மாட்டு வயிற்றுச் சூப்பைத் தூக்குப் பாத்திரத்தோடு வாங்க வருபவர்களைக் காணலாம். தன் வீட்டுச் சுவை எது என்று அறிந்த அவர்கள்தாம் சமையல்காரரைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்பவர்கள்.

சைவ உணவினர் கவனத்திற்கு

அமெரிக்காவில் படிக்கும் நம் மாணவர்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்வது நல்லது. மசித்த பீன்சில் 'மந்தேக்கா' எனும் பன்றிக் கொழுப்பும், சிவந்த சோற்றில் கோழிச் சாறும் சேர்ப்பது வழக்கம். முள் நீக்கி வதக்கிய 'நோபாலேசு' கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். அது நம் ஊர் வேலிகளில் வளரும் சப்பாத்திக்கள்ளியின் இனமே. மிளகாயைப் போல அக்கள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து இங்கு வந்தது. எதிர்த்திசையில் சென்றது புளி. கவுண்ட்டரின் ஓரத்தில் பெரிய கண்ணாடிச் சாடிகளில் நிற்கும் குளிர்பானங்களுள் பழுப்பு நிறத்தில் இருப்பது சர்க்கரை சேர்த்த புளித்தண்ணீர். 'தமரிந்தோ' என்று கேட்டால் ஊற்றித் தருவார்கள்.