சொல்லும் நேர்பொருளும்

ஒரு சொல்லைக் கேட்டவுடன் வெளிப்படையாக விளங்கும் பொருள் நேர்பொருள் எனப்படும். இடத்திற்கேற்ப உய்த்துணரும் பொருள் குறிப்புப் பொருள் ஆகும். பொருள் இவ்விரு வகையாலும் தோன்றும் எனத் தொல்காப்பியச் சொல்லதிகாரம் கூறுகிறது.

'முதியவர் கண்மூடினார்' என்னும் தொடரைக் காண்க. இமைகளை மூடினார் என்பது நேர்பொருள். இறந்தார் என்பது குறிப்புப் பொருள். துயரச் செய்தியை மென்மையாகக் கூற இத்தொடர் உதவும். ஆனால், மருத்துவக் குறிப்பேட்டில் இவ்வாறு எழுதினால், அவர் உறங்கினாரா, இறந்தாரா என்னும் ஐயம் எழும். ஆங்கு நேர்பொருள் தரும் சொல்லே வேண்டும்.

பாடக் கட்டுரைக்கும் இது பொருந்தும். கடைவீதியில் 'நிறை', 'எடை' என்னும் இரண்டையும் ஒரே பொருளில் வழங்குவர். இயற்பியலில் நிறை என்பது ஒரு பொருளில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவு. எடை என்பது அதன்மீது செயற்படும் ஈர்ப்பு விசை. 60 கிலோகிராம் நிறையுடைய ஒருவர் நிலவுக்குச் சென்றாலும் அவரது நிறை மாறாது. எடை மட்டும் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறையும். ஒன்றன் இடத்தில் மற்றொன்றை எழுதினால் விடையே பிழையாகும்.

ஆகவே, கட்டுரை எழுதுவோர் துறைச்சொல்லின் பொருளைத் தொடக்கத்திலேயே வரையறுத்து, இறுதிவரை அப்பொருளிலேயே அதனை ஆளுதல் வேண்டும். கதையிலும் கவிதையிலும் குறிப்புப் பொருள் சுவை சேர்க்கும். கட்டுரையில் நேர்பொருளே தெளிவு தரும்.

பயிற்சி: பின்வருவனவற்றின் நேர்பொருளையும் குறிப்புப் பொருளையும் எழுதுக.
1. தலைகுனிந்தார்
2. கைகொடுத்தார்